வீட்டுக் கணக்கு: மலிவு டிக்கட்டும் மடியில் பிள்ளையும்

கோத்தகிரியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கிறார். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர். குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது. கணவருக்கு மும்பையில் உத்தியோகம். "ரயில் என்றால் ஒரு நாளுக்கு மேல் ஆகும், கைக்குழந்தையோடு வேண்டாம், விமானத்தில் வந்துவிடு என்கிறார் அக்கா. ஒரு கம்பெனியில் டிக்கட் மலிவு. இன்னொன்றில் 1,500 ரூபாய் கூட. கூடக் கொடுத்தால் சாப்பாடு தருவார்களாம், மரியாதையாக நடத்துவார்களாம். இரண்டு மணி நேரப் பிரயாணத்தில் ஒரு சாப்பாட்டுக்கு 1,500 ரூபாயா? என் கைச்சேமிப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

என் மகள் குடியிருப்பதும் மும்பைதான். அதனால் இந்தக் கேள்விக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்லவேண்டிய அவசியமில்லை. பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

2023 மார்ச் மாதம். மகளின் இரண்டாவது பிரசவம் குன்னூரில் எங்கள் வீட்டில் முடிந்து, கைக்குழந்தையையும் ஐந்து வயதுப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு மும்பையில் விட்டுவர நான் துணைக்குப் புறப்பட்டேன். டிக்கட் பார்த்தோம். ஒன்று காலை 6 மணிக்கு, ஆளுக்கு 4,150 ரூபாய். இன்னொன்று மத்தியானம், 5,400 ரூபாய். அதில் ஆளுக்கு 25 கிலோ பெட்டி, ஒரு வேளைச் சாப்பாடு. இரண்டு வயது தாண்டிவிட்டால் பிள்ளைக்கும் பெரியவர்கள் விலைதான் என்பதால் மூன்று டிக்கட். வித்தியாசம் 3,750 ரூபாய். "அந்தச் சாப்பாட்டை யாருக்கு வேணும்? நான் எலுமிச்சஞ்சாதம் கட்டிக்கறேன். விடியற்காலை டிக்கட்டே போடு கண்ணு" என்றேன். ரொம்ப சாமர்த்தியமாகச் சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு!

மலையில் இருக்கிற நமக்கு விமானப் பிரயாணம் பீளமேட்டில் ஆரம்பிப்பதில்லை, வீட்டு வாசலில் ஆரம்பிக்கிறது. காலை 6 மணி விமானத்துக்கு 4 மணிக்கே அங்கே இருக்கவேண்டும். குன்னூரிலிருந்து மலைப்பாதையில் இறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, கோவைக்குப் போய்ச் சேர வேண்டும். பனி மூட்டமாக இருக்கலாம். கல்லாறு பக்கம் யானை நின்றால் அது நகர்கிறவரை காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் ராத்திரி 1 மணிக்கே கிளம்பினோம். ராத்திரிச் சவாரி என்று டாக்சிக்கு 600 ரூபாய் அதிகம். தூக்கத்தில் எழுப்பிய பேத்தி மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

விமான நிலையத்தில் பெட்டியை நிறுத்தால் 56 கிலோ! மலிவு டிக்கட்டில் ஆளுக்கு 15 கிலோ, மூன்று பேருக்கு 45. மடிக்குழந்தைக்கும் தனியாகக் கட்டணம் வாங்கிக்கொண்டார்கள், ஆனால் அதன் பேரில் பெட்டி கிடையாது. பிள்ளை பெற்றவளுக்கு லேகியம், அரைத்த பொடிகள், வீட்டுத் தேயிலைத்தூள், வர்க்கி, குழந்தைத் துணி என்று கட்டியது நான்தானே! எல்லோர் முன்னாலும் பெட்டியைப் பிரித்து, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டராகப் போட்டுக்கொண்டு, பொட்டலங்களைக் கைப்பைகளில் திணித்து 4 கிலோ குறைத்தோம். மிச்சம் 7 கிலோவுக்குக் கிலோவுக்கு 550 வீதம் 3,850 ரூபாய் கட்டினோம். இதே 7 கிலோவை வீட்டில் இருக்கும்போதே முன்கூட்டிப் பதிவு செய்திருந்தால் இதைவிடக் குறைவாம். அது அப்போது யாருக்குத் தெரியும்? எலுமிச்சஞ்சாதம் இருந்த பையில் வாந்தித் துணியை வைத்துவிட்டதால் அதுவும் போச்சு. உள்ளே கடையில் காப்பி, பிள்ளைக்கு ரொட்டி, தண்ணீர் என்று 480 ரூபாய்.

கணக்குப் போடுங்கள். 3,850, 600, 480. மொத்தம் 4,930 ரூபாய். மிச்சம் பிடிக்க நினைத்தது 3,750. சாமர்த்தியத்துக்குக் கொடுத்த விலை 1,180 ரூபாய்.

பணத்தை விடுங்கள். உள்ளே ஏறிப் பார்த்தால் நான் ஒரு பக்கம், மகளும் கைக்குழந்தையும் ஒரு பக்கம், ஐந்து வயதுக் குழந்தை பத்துப் பதினோரு வரிசை தள்ளி யாரோ இரண்டு ஆண்களுக்கு நடுவில்! "அம்முச்சி, நான் உங்கிட்டதான் உக்காருவேன்" என்று அவள் அழ ஆரம்பித்ததும் என் வயிறு என்னமோ செய்தது. பணிப்பெண்ணிடம் கேட்டால், "நீங்க சீட் செலக்ட் பண்ணலையே மேடம். பணம் கட்டாதவங்களுக்கு மெஷின் எங்க குடுக்குதோ அங்கதான்" என்கிறாள். அந்தப் பெண்ணையும் குற்றம் சொல்லமாட்டேன். இருபத்திரண்டு வயசு இருக்கும், எத்தனை மணிக்கு எழுந்து வந்தாளோ! கடைசியில் என் பக்கத்தில் இருந்த ஒரு பையன் எழுந்து, "பாப்பா இங்க வரட்டுங்கம்மா" என்று இடம் மாறிக்கொண்டான். அவன் அந்த ஜன்னல் ஓரத்துக்கென்று 400 ரூபாய் கட்டி வாங்கியிருந்தானாம். அந்தப் பிரயாணத்தில் எங்களுக்குக் கிடைத்த உபசாரம் அது ஒன்றுதான், அதையும் கம்பெனி கொடுக்கவில்லை.

இதில் கம்பெனிக்காரர்களை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. நாமும் ஒரு காரணம். விமானத்தில் முன்போல உபசாரம் இல்லை, சாக்லேட் இல்லை, சூடான சாப்பாடு இல்லை என்று பேசுகிறோம். டிக்கட் எடுக்கும்போதோ கண் போவது எது குறைந்த விலையோ அந்த வரிக்குத்தான். 100 ரூபாய் கூட என்றால் அடுத்த கம்பெனி. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் டிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உரித்து எடுத்து, உரித்ததைத் தனித்தனியாக விற்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஒரு பெரிய விமானக் கம்பெனித் தலைவர், சாலட் தட்டிலிருந்து ஒரே ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டு வருஷத்துக்கு 40,000 டாலர் மிச்சம் பிடித்ததாகச் சொல்வார்கள். சாம்பாரில் ஒரு முருங்கைக்காய்த் துண்டைக் குறைத்து மாதச் செலவைச் சமாளிக்கிற நமக்கு இது புதுசா என்ன!

நம் நாட்டில் இந்தக் கதையை ஆரம்பித்துவைத்தவர் கேப்டன் கோபிநாத். 'சூரரைப் போற்று' படம் பார்த்திருப்பீர்கள், 2020-ல் வந்தது. அதில் சூர்யா நடித்த பாத்திரத்துக்கு மூலம் அவர் வாழ்க்கைதான். அவருடைய ஏர் டெக்கான் 2003-ல் பறக்கத் தொடங்கியது. சாப்பாடு கிடையாது, வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் டிக்கட் விலையில் பெரும் குறைவு. ஒரு ரூபாய் டிக்கட் என்றுகூட விற்றார். அதுவரை ஆகாயத்தில் போகிறதைத் தலை நிமிர்த்திப் பார்த்தவர்கள் செருப்புக் காலோடு ஏறினார்கள். அதை நான் கேலி செய்யமாட்டேன். அவர் வந்திராவிட்டால் என் மகளும் கோத்தகிரிச் சகோதரியும் ரயிலில்தான் போயிருப்போம்.

அதற்கு நேர் எதிராக 2005-ல் வந்தது கிங்ஃபிஷர். ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு சின்ன டி.வி., வகையான சாப்பாடு, ராஜ உபசாரம். ஏறினவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். 2007-ல் ஏர் டெக்கானில் பங்கு வாங்கி, அப்புறம் அதைத் தன்னோடு சேர்த்தும் கொண்டது. 2008-ல் எண்ணெய் விலை ஏறியது, கடன் ஏறியது, 2012 அக்டோபரில் பறப்பதே நின்றுபோயிற்று. புகழ்ந்தவர்கள் எல்லோரும் அந்த உபசாரத்துக்குத் தகுந்த விலை கொடுக்கத் தயாராக இருந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். சூடான சாப்பாட்டுக்குப் பேர் வாங்கிய ஜெட் ஏர்வேஸும் 1993 முதல் ஓடி 2019 ஏப்ரலில் நின்றது. 2006-ல் வந்த இண்டிகோவோ, இலவசச் சாப்பாடு இல்லாமல், நேரத்துக்குக் கிளம்புவோம் என்ற ஒரே பேச்சை விற்று, உள்நாட்டில் பறக்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஜனங்கள் டி.வி.க்குக் காசு கொடுக்கவில்லை, கடிகாரத்துக்குக் கொடுத்தார்கள்.

அந்தக் கடிகாரமும் 2025 டிசம்பரில் நின்றது, பார்த்தீர்களே! விமானிகளுக்கு வாரத்தில் 48 மணி நேரம் தொடர்ந்து ஓய்வு, ராத்திரிப் பறப்புக்குக் கட்டுப்பாடு என்று புது விதிகள் வந்தன. அதற்கேற்ப ஆள் ஏற்பாடு போதவில்லை. டிசம்பர் 5-ஆம் தேதி ஒரே நாளில் இண்டிகோவின் ஆயிரத்துக்கு மேற்பட்ட விமானங்கள் ரத்து. மற்றக் கம்பெனிகளில் விலை தாறுமாறாக ஏற, மறுநாள் அரசாங்கமே உச்சவரம்பு போட்டது: 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய், 1,000 வரை 12,000, 1,500 வரை 15,000, அதற்கு மேல் 18,000. பெட்டிகளின் மேலேயே படுத்துத் தூங்கின பிள்ளைகளை டி.வி.யில் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் ஒன்று சொல்வேன். விமானிக்கு ஓய்வு கொடுப்பது நாம் கொடுக்கிற காசில் வாங்குகிற பொருள்தான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். ராத்திரி முழுக்கப் பிள்ளைக்காகக் கண் விழித்துவிட்டு விடியற்காலை அடுப்பு முன்னால் நின்று, பாலைப் பொங்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நாள் நம் எல்லோருக்கும் உண்டு. அந்த நிலைமையில் இருக்கிறவர் கையில் 180 பேரை ஒப்படைக்க யார் சம்மதிப்பார்கள்?

விமானத்து வழக்கம் நம் மலைக்கே வந்த கதையையும் சொல்லவேண்டும். 2020-ல் கொரோனாவுக்காக மார்ச்சிலிருந்து மேட்டுப்பாளையம் - ஊட்டி ரயில் ஓடவில்லை. டிசம்பரில் திடீரென்று ஓடியது. பார்த்தால், பெட்டிகளில் 'டி.என். 43' என்று பேர். நம் ஊட்டி வண்டி நம்பர்தான்! தனியார் ஒருவர் வாடகைக்கு எடுத்து விட்ட சிறப்பு ரயில். விமானப் பணிப்பெண்களைப்போல உடுத்திய பெண்கள், தின்பண்டம், உபசாரம். டிக்கட் 3,000 ரூபாய். மலையில் ஒரே கொந்தளிப்பு. ரயிலை விற்றுவிட்டார்கள் என்று கண்டனம் எழுந்தது. வாடகைக்கு விட்டதுதான், விற்கவில்லை என்று ரயில்வே விளக்கம் சொன்னது. அந்த மாதக் கடைசியில் வழக்கமான ரயில் திரும்ப ஓட ஆரம்பித்ததும் சத்தம் அடங்கியது. ஒரு நாள் ஆசைக்கு 3,000 கொடுத்து ஏறுகிற சுற்றுலாக்காரர்களை நான் தப்புச் சொல்லமாட்டேன். அதே இரும்புச் சக்கரம், அதே பல்சக்கரத் தண்டவாளம், அதே ஜன்னல். உபசாரம் மட்டும் புதுசு, அதற்குப் பிரியப்பட்டவர் காசு கொடுக்கட்டும். வயிறு எரிந்தது எதற்கென்றால், சாதாரண டிக்கட்டில் போகிறவர்களுக்கு அந்த டிசம்பரில் ரயிலே இல்லை என்பதற்குத்தான்.

விமான நிலையத்துத் தேநீரும் அதே ரகம்தான். 2018-ல் முன்னாள் நிதியமைச்சர் ப. சிதம்பரம் அவர்களே சென்னை விமான நிலையத்தில் தேநீர் 135 ரூபாய், காப்பி 180 ரூபாய் என்று கேட்டு வேண்டாம் என்று வந்துவிட்டதாகப் பகிரங்கமாக எழுதினார். இங்கே 2023-ல் நம் சிறு தேயிலை விவசாயிகள் ஒரு கிலோ பச்சை இலைக்கு 20 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை என்று உண்ணாவிரதம் இருந்தார்கள். நான்கு கிலோவுக்கு மேல் இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். ஒரு கிலோ தூளில் சுமார் ஐந்நூறு கோப்பை போடலாம். அங்கே கோப்பைக்கு 135 கொடுக்கிற காசில் பறித்த கைக்கு எவ்வளவு போகிறது என்று நினைத்தால் தேநீரே கசக்கிறது. 2024 டிசம்பரில் கல்கத்தாவிலும் 2025 பிப்ரவரியில் சென்னையிலும் 'உடான் யாத்ரி கஃபே' என்று மலிவுக் கடை திறந்திருக்கிறார்கள். அங்கே தேநீர் 10 ரூபாய்.

சரி, கோத்தகிரிச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

அந்த 1,500 ரூபாயைச் சாப்பாட்டுக்காகக் கொடுக்காதீர்கள். மரியாதைக்காகவும் வேண்டாம். இரண்டு டிக்கட்டிலும் முதலில் கிளம்புகிற நேரத்தைப் பாருங்கள். மலிவு விமானம் விடியற்காலை என்றால், ராத்திரி டாக்சியையும் பச்சை உடம்புக்காரி கண் விழிப்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். அப்போது கூட விலைக்காரனே மலிவு. மலிவு விமானம் பகலில் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். பெட்டியை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள். பழைய பேப்பர்க்காரர் தராசு போதும். அதிகமிருந்தால் முன்னாடியே பணம் கட்டிப் பதிவு செய்துவிடுங்கள், அல்லது பார்சலில் அனுப்பிவிடுங்கள். நீலகிரித் தைலத்தைப் பெரிய பாட்டிலாக வைக்காதீர்கள், தீப்பற்றுகிற சரக்கு என்று எடுத்துவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய்க்கும் அதே கதி.

டிக்கட் போடும்போது இருக்கை, சாப்பாடு என்று இவற்றையெல்லாம் அவர்களாகச் சேர்த்துவிடக் கூடாது, நாமாக வேண்டும் என்று சொன்னால்தான் சேர்க்கவேண்டும் என்பது விதி. கடைசித் தொகையை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். துணைக்குச் சின்னப் பிள்ளைகள் வந்தால் எல்லோருக்கும் ஒரே டிக்கட் எண்ணில் பதிவு செய்யுங்கள். 2024 ஏப்ரலில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், ஒரே எண்ணில் வருகிற 12 வயது வரையுள்ள பிள்ளைக்குப் பெற்றோரில் அல்லது காப்பாளரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் கொடுத்தே தீரவேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. ஒரு வருஷம் முன்னால் போட்டிருக்கக் கூடாதா என்று என் மகள் அன்றைக்குக் கேட்டாள். யாராவது 'மெஷின் கொடுக்கிற இடம்' என்றால் இந்த உத்தரவைச் சொல்லுங்கள், தலையைக் குனிந்துகொண்டு நிற்காதீர்கள்.

கோவை - மும்பைபோல இரண்டரை மணி நேரத்துக்குள் அடங்குகிற பிரயாணத்தில், நீங்கள் சரியான நேரத்துக்கு வந்து பதிவு செய்தபிறகு விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடோ சிற்றுண்டியோ அவர்கள் தரவேண்டும். 6 மணி நேரத்துக்கு மேல் என்றால் வேறு விமானம் அல்லது முழுப் பணம், நீங்கள் கேட்பது எதுவோ அது. மலிவு டிக்கட்டுக்கும் இது உண்டு.

குழந்தையின் காதுபற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தாய்க்கு அந்தப் பயம் இருக்கும். விமானத்துக்குள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல வைத்திருப்பார்கள். குன்னூர் 6,000 அடிக்குச் சற்று மேல், ஊட்டி 7,300 அடிக்கு மேல். ஆக உங்கள் பிள்ளை பிறந்ததிலிருந்து அந்தக் காற்றில்தான் மூச்சு விடுகிறது! காது அடைப்பது இறங்கும்போதுதான், மேட்டுப்பாளையம் இறங்கும்போது நமக்கு அடைக்கிறதே, அதேதான். விமானம் இறங்க ஆரம்பிக்கிறது என்று சொன்னதும் தாய்ப்பால் கொடுங்கள். விழுங்க விழுங்கக் காது திறந்துகொள்ளும். அதற்காகச் சற்று முன்னாடி பசியாறவிடாமல் வைத்திருங்கள். குழந்தை தூங்கினாலும் மெல்ல எழுப்பிக் கொடுங்கள். சளியோ காது வலியோ இருந்தால் டாக்டரைப் பார்க்காமல் புறப்படவேண்டாம். உள்ளே காற்று வறட்சியாக இருக்கும், நீங்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். காலி பாட்டிலை எடுத்துப் போய் பரிசோதனை தாண்டியதும் குழாயில் நிரப்பிக்கொள்ளலாம், 20 ரூபாய்த் தண்ணீருக்கு 70 கொடுக்கவேண்டாம்.

ஜன்னல் ஓரம் வேண்டாம், நடைபாதை ஓரம் கேளுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடக்க வசதி. அந்த ஒரு இருக்கைக்கு 300, 400 கேட்டால் கொடுத்துவிடுங்கள். நானாக இருந்தால் கொடுப்பேன், எலுமிச்சஞ்சாதத்தையும் இந்தத் தடவை தனிப் பையில் வைப்பேன். மும்பை போய்ச் சேர்ந்ததும் பிள்ளை அழுததா, பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று ஒரு கார்டு போடுங்கள்.